ஒன்பது கேள்விகளுக்கு நான் எழுதிய பதில்

என் மனைவிக்கு மனக்கவலை எதுவும் இல்லை என்று மூன்று வருடங்களாக நான் எழுதிக் கொடுத்து வந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரி தரும் தாளில், கறுப்பு மையில். அந்தத் தாளில் எழுதுவதற்கென்று ஒன்றும் கிடையாது. கட்டங்களில் சரிக்குறி போட்டால் போதும். கட்டத்தை விட்டு ஒரு கோடுகூட வெளியே போகாமல் நான் போட்டிருப்பதைப் பார்த்து, "நல்ல வடிவாட்டு போடுதீங்க சாரே" என்று சீட்டு கொடுக்கும் பெண் ஒருமுறை வியந்திருக்கிறாள். அன்று முழுவதும் எனக்கு நல்ல நாளாக இருந்தது.

அவளுக்கு வந்தது ஆமவாதம். நாங்கள் கேரளத்தில், எல்லையை ஒட்டி இருக்கிறோம்; அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு டாக்டர்கள் முடக்குவாதம் என்று எழுதுவார்கள். நோயைத் தடுக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே தாக்குவது. முப்பது வருடம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கவில்லை. அங்கே வருகிற வழக்குகளில் பாதி சொந்தக்காரர்களுக்குள் நடப்பதுதான். அவளுடைய அறுபத்திரண்டாவது வயதில், ஒரு காலையில் தேங்காய் துருவ உட்கார்ந்தவள், கை மூடவில்லை என்றாள். ஒரு மாதத்துக்குள் விரல் கணுக்கள் எல்லாம் வீங்கின. பிறகு மணிக்கட்டுகள், பிறகு முழங்கால்கள். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு உடம்பு பலகை மாதிரி இருக்கும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும்.

நான் ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஒரே பத்திரிகையைக் காலையிலும் மாலையிலும் வாசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளுடைய நோய் எனக்கு வேலை கொடுத்தது. நீல அட்டை ஃபைல் ஒன்று வாங்கினேன். ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதி வாரியாகக் கோர்த்தேன். எந்த மூட்டில் எத்தனை நாள் வீக்கம் என்று அட்டவணை போட்டேன். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் உள்ளங்கையில் வைப்பேன். தண்ணீரைக் கொடுத்துவிட்டு அட்டவணையில் குறிக்கப் போவேன். "சார் நோக்குத மாதிரி எந்த மாப்பிளையும் நோக்க மாட்டான் அக்கா" என்று சபைப் பெண்கள் அவளிடம் சொல்வார்கள். அவள் சிரிப்பாள். நான் கேட்காதது போல நின்று முழுவதையும் கேட்டுக்கொள்வேன்.

கோர்ட்டில் என் வேலை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாறசாலை, குளத்தூர், பனச்சமூடு பக்கத்துச் சாட்சிகளில் பலர் கூண்டில் ஏறியதும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். நீதிபதி வடக்கே இருந்து வந்தவராக இருப்பார். சாட்சி சொல்வதை அவருக்கு மலையாளத்தில் எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். குளத்தூர்க்காரர் ஒருவர் வாய்க்கால் தகராறைத் தன் அப்பா நட்ட மாமரத்தில் தொடங்கிக் கால் மணி நேரம் சொல்வார். நான், "வாய்க்கால் தன்னுடையது என்கிறார்" என்பேன். வக்கீல்கள் சிரிப்பார்கள். நேரம் மிச்சமானதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, குளத்தூர்க்காரரைத் தவிர. ஆனால் முடிவில் வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்க வேண்டும். அதை நான் ஒருநாளும் தவற விட்டதில்லை. கோர்ட்டில்.

என் மனைவி விளவங்கோடு பக்கத்தில் பிறந்து தமிழில் படித்தவள். மலையாளம் கேட்டால் புரியும், மீன்காரரிடம் பேசுவாள், எழுத்து மட்டும் தெரியாது. டாக்டர் முன்னால் அந்தப் பேச்சும் வராது. மூட்டு டாக்டர் ஒரு பெண். எங்கள் முறை வந்ததும், "எங்ஙனெ உண்டு அம்மே?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்பார். அவள், "டாக்டரே, எனக்கு காலத்த எழும்பும்ப..." என்று தொடங்குவாள். அதற்குள் நான் மலையாளத்தில் முடித்திருப்பேன். விறைப்பு ஒன்றரை மணி நேரம், வலது மணிக்கட்டு வீக்கம், இடது முழங்கால் பரவாயில்லை, பசி சாதாரணம். அவள் வழக்கில் கைப்பற்றிக் கோர்ட்டு மேசையில் வைத்த தொண்டிப் பொருள் போல, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருப்பாள். கையைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நீட்டுவாள்.

அந்தத் தாள் இரண்டாவது வருடம் வந்தது. மூட்டு நோய் உள்ளவர்களுக்கு மனமும் சோர்ந்துபோவது சாதாரணம், அதைக் கேட்காமல் விட்டால் தெரியாமலே போய்விடும், ஆகவே இனி ஒவ்வொரு தடவையும் இதை நிரப்பிவிட்டு உள்ளே வாருங்கள் என்றார் டாக்டர். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், மலையாளத்தில். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள். ஒருபோதும் இல்லை என்பதில் தொடங்கி, அநேகமாகத் தினமும் என்பதில் முடியும். அவளுக்கு எழுத்து தெரியாது, பேனாவும் பிடிக்க முடியாது. தாள் இயல்பாகவே என் மடிக்கு வந்தது.

"இது என்னத்துக்காக்கும்?" என்றாள்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. எதுலயும் ஆர்வமோ சந்தோசமோ இல்லாம இருந்தியாண்ணு கேக்காங்க. இல்லைண்ணு போடட்டா?"

பதிலையும் சேர்த்தே கேள்வி கேட்கக் கூடாது என்று வக்கீல்கள் எழுந்து நின்று ஆட்சேபித்ததை நூறு தடவை கேட்டவன் நான்.

அவள் யோசித்தாள். "ஆர்வம்ணா..." என்று இழுத்தாள்.

எங்களுக்கு முன்னால் இரண்டு டோக்கன்தான் இருந்தது. "பிள்ளே, வேகம் சொல்லு" என்றேன்.

"நீங்களே போடுங்க."

போட்டேன். ஒன்பதுக்கும் முதல் கட்டத்தில். அடுத்த தடவை முதல் நானே இரண்டு தாள்களை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே நிரப்பிக் கொண்டுபோனேன். ஒன்பதாவது கேள்வி, இருப்பதைவிட இறந்துபோவது நல்லது என்று தோன்றியதா என்பது. அதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எங்கள் வீட்டைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? அந்தக் கட்டத்தில் மட்டும் பேனாவைச் சற்று அழுத்தியிருக்கிறேன்.

நான் எதையும் கவனிக்காதவன் அல்ல. எல்லாவற்றையும் கவனித்தேன், எல்லாவற்றையும் தவறான தலைப்பில் பதிந்தேன். அவள் உடம்பு மெலிந்தது. முழங்காலுக்குப் பாரம் குறைந்தது என்று எழுதினேன். பகலிலும் படுத்தே கிடந்தாள். ஓய்வு நன்றாக எடுக்கிறாள் என்றேன். பெண்கள் சங்கத்துக்குப் போவதை நிறுத்தினாள். படி ஏற வேண்டாம், நல்லதுதான். பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டால் போனை நான்தான் பிடிப்பேன். "அம்மைக்கு சுகம், ரத்தத்துல ஈ.எஸ்.ஆர். குறைஞ்சிருக்கு" என்பேன். திரையின் ஓரத்தில் அவளுடைய ஒரு காதும் தோளும் தெரியும்.

அவளுக்குத் தோளுக்கு மேல் கை தூக்க முடியாமல் போனபோது முடியைப் பின்ன முடியவில்லை. அதற்கும் நான் ஒரு தீர்வு கண்டேன். பாறசாலையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துக் கழுத்தளவுக்கு வெட்டவைத்தேன். "பாருங்க, எவ்வளவு எளுப்பம்" என்று எல்லோரிடமும் சொன்னேன். முடியை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிப் போடுவதை நான் கற்றிருக்கலாம். நில அளவுப் படங்களை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது பெரிய வித்தை அல்ல. அப்போது தோன்றவே இல்லை. இந்தப் பத்தியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "முடி நல்ல கட்டியா இருந்துண்ணு எழுதுங்க" என்றாள். அவள் முடி நல்ல அடர்த்தியாக இருந்தது.

இனி அந்த ஜெபக்கூட்டம். எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். பாட்டு, ஜெபம், அதற்குப் பிறகு வீட்டுக்காரர் எழுந்து, கர்த்தர் அந்த வீட்டுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முறை வந்தது. நாற்பது பேர். நான் எழுந்தேன். ஆமவாதத்தை விளக்கினேன். அதில் ஐந்து நிமிடம் போனது. பிறகு சொன்னேன்: "இந்த நோய் வந்த நாள் முதல் என் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. ஒரு வார்த்தை முறுமுறுத்ததில்லை. இந்தப் பொறுமை அவளுக்கு மேலே இருந்து வந்தது." எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அது முழு உண்மையும் அல்ல. குளியலறையில் குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பல நாள் கேட்டிருக்கிறேன். தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டியும் இருக்கிறேன்.

ஜெபக்கூட்டத்துக்கு நாலைந்து மாதத்துக்குப் பிறகு, ஒரு பரிசோதனை நாளில், டாக்டர் வருவதற்குத் தாமதமானது. புதிதாக ஒரு நர்சு. முப்பது வயது இருக்கும். எங்கள் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"சாரே, இதெல்லாம் அம்மா போட்டதா?"

"அவளுக்கு பேனா பிடிக்க ஒக்காது. நான் போட்டது."

"அம்மா சொல்லி, சார் போட்டதா?"

"சொல்லணுமா என்ன? நாப்பத்தஞ்சு வருசமா கூட இருக்கேன்."

அவள் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "மூணு வருசமா ஒரு நாளு கூட ஒறக்கம் கெடாத ஆமவாதக்காரிய நான் இப்பதான் பாக்கேன்" என்றாள். பிறகு, "சார் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."

"அவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது மக்கா. நான் இருந்தாத்தான்..."

"நான் பனச்சமூட்டுக்காரியாக்கும் சாரே. எனக்க அம்மைக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியாது. போயிட்டு வாங்க."

என் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் எங்களைத் தெரிந்தவர். "என்ன சாரே, இண்ணைக்கி ஒத்தைக்கு? அம்மைய எங்க விட்டிய?"

"உள்ள நர்சு என்னவோ விசாரிக்காங்க."

"சாரு இல்லாமலா? அப்ப அம்மைக்குப் பேச்சு வருமா?" அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதும் நான் கவலைப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நர்சு வெறும் கையோடு வெளியே வந்து மன்னிப்புக் கேட்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோதும் கதவு சாத்தியே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை, குரல் மட்டும், நிறுத்தாமல், ஏறியும் இறங்கியும். அவளுக்கு அத்தனை பேச்சு இருக்கிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் டாக்டரும் வந்து உள்ளே போய்விட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசையில் ஒரு புதிய தாள் இருந்தது. பக்கத்தில் ஒரு பேனா. காயத்துக்குச் சுற்றும் துணியை அதில் சுற்றிச் சுற்றித் தடியாக்கி இருந்தார்கள். அப்படித் தடியாக இருந்தால் அவளால் பிடிக்க முடியும். ஒரு நிமிட வேலை. சரிக்குறிகள் கட்டங்களை விட்டு ஓடி, கோணல்மாணலாகக் கிடந்தன. ஆனால் எந்தக் கட்டம் என்பதில் சந்தேகம் இல்லை. முதல் கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஒன்பதாவது கேள்விக்கு மூன்றாவது கட்டத்தில் போட்டிருந்தாள். பாதிக்கு மேற்பட்ட நாட்கள்.

டாக்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மெதுவாகப் பேசினார். இது அவளுடைய குணம் அல்ல, நோயோடு கூட வந்த இன்னொரு நோய். வலியும் உறக்கக் குறைவும் வீக்கமும் சேர்ந்து மனத்தையும் கீழே இழுக்கும். மூட்டுக்குப் பார்க்கிற மாதிரியே இதற்கும் பார்க்க வேண்டும், பார்த்தால் குறையும் என்றார். சில வாரங்களுக்கு அவளைத் தனியாக விடக் கூடாது, மருந்துகள் என் கையிலேயே இருக்க வேண்டும் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகளை அவள் நான்கு மாதமாக விழுங்கவில்லை. நான் அட்டவணையில் குறிக்கத் திரும்பும் நேரம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எல்லாம் பின்வாசல் கறிவேப்பிலைச் செடியின் வேரடியில் போயிருந்தது. இந்த நான்கு மாதத்தில் வீக்கம் கூடுகிறது என்று நான் போனிலும் நேரிலும் சொன்னதை நம்பி டாக்டர் இரண்டு முறை அளவைக் கூட்டியிருந்தார். கறிவேப்பிலை நன்றாகத் தளிர்த்திருந்தது. அதற்கு மூட்டு வலி இல்லை.

என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர். நான் ஃபைலை மூடி, அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அவளை உட்காரவைத்தேன். இருவருக்கும் டிக்கெட் வாங்கினேன். பிறகு நான்தான் வாயைத் திறந்தேன்.

"என்னிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

"எப்பச் சொல்ல? நீங்க வாய மூடுத நேரம் எப்பண்ணு சொல்லுங்க, அப்பச் சொல்லுதேன்."

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். என் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"நாப்பது பேருக்க முன்ன நிண்ணு, இவ ஒரு சொட்டு கண்ணீர் விட்டதில்லண்ணு சாட்சி சொன்னிய. அதுக்குப் பொறவு நான் அழுதா என்ன ஆவும்? நீங்க சொன்னது கள்ளச் சாட்சிண்ணு ஆவும். கோர்ட்டுல இருந்த மனுசனாக்கும். அந்தப் பேரு உங்களுக்கு வரப்பிடாதுண்ணு இருந்தேன்."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவள் பக்கம்தான் ஜன்னல், ஆகவே அவளையும் பார்க்க வேண்டியிருந்தது.

"பொறவு ஒரு நாளு நெனச்சேன்" என்றாள். "மருந்து திண்ணா இது இப்பிடியே நீளும். திங்காட்டி ஒரு முடிவு வரும். உங்களுக்கும் ஃபைலு எழுதி மடுத்திருக்குமே."

"எனக்கு மடுக்கல்ல" என்றேன். ஃபைல் எழுதி எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை; அது உண்மையாக இருந்ததுதான் கேவலம்.

அந்த வாரமே ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, நான் சொன்னது சரியல்ல என்று சொல்லிவிடுவதாக அவளிடம் சொன்னேன். அழுகையோடுதான் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை.

"வேண்டாம். அதையும் நீங்க நல்லா பேசிருவிய. எல்லாரும் உங்களுக்காக்கும் அழுவாவ."

ஆகவே மன்னிப்புக் கேட்கும் இடமும் எனக்கு இல்லாமல் போனது. இதை எழுத மட்டும், பெயர் போடாமல், அனுமதி தந்திருக்கிறாள்.

மனநல டாக்டர் அதே ஆஸ்பத்திரியில் மாடியில் இருந்தார். லிஃப்டை விட்டு இறங்கினால் பெரிய எழுத்தில் பலகை. நாற்பது பேருக்கு அவள் முழங்காலை விளக்கிய நான், அந்தப் பலகைக்குக் கீழே நிற்கும்போது சபைக்காரர் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. நேராக உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும் என்பது அந்த டாக்டரின் முதல் நிபந்தனை. உள்ளே என்ன பேசுகிறாள் என்று இதுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "உங்களப் பத்தியும் உண்டு" என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது நான் பழைய பழக்கத்துக்குத் திரும்பியதாகும். முதல் மாதம் எதுவும் மாறவில்லை. இரண்டாவது மாதம் உறக்கம் கொஞ்சம் வந்தது. ஞாயிறு மாத்திரைகளை என் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவாள், சிறு பிள்ளையைப் போல அல்ல, கைதியைப் போல. எனக்கு அது தண்டனை என்று அவளுக்குத் தெரியும். சில நாட்கள் பத்து மணிக்கும் எழ மாட்டாள். "இண்ணைக்கி கொள்ளாது" என்பாள், நன்றாக இல்லை என்று பொருள். முன்பு என்றால் எந்த மூட்டு என்று கேட்டிருப்பேன். இப்போது கேட்காமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்கிறேன். சும்மா உட்காருவது எனக்கு நன்றாக வரவில்லை. இரண்டு நிமிடத்தில் ஏதாவது ஆலோசனை தொண்டை வரை வந்துவிடும். அவள் அதை முகத்தில் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்பாள்.

போன மாதம் ஒரு காலை. கைகள் மோசமாக இருந்தன, விரல்கள் நீட்டவே முடியவில்லை. ரோட்டில் மீன்காரரின் ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. வருடக் கணக்காக எங்கள் வீட்டில் என்ன மீன் என்பதை முடிவு செய்வது நான்தான். என்ன வேண்டும் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. படுத்தபடியே சொன்னாள்:

"கேட்டியளா, நெத்தோலி இருந்தா வாங்குங்க. மாங்கா போட்டு வைக்கணும். சாளை வேண்டாம்."

மீன்காரர் சாளை இப்போதுதான் கரையேறியது என்றார். பளபளவென்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரை வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"நான் என்ன சொன்னேன்? நெத்தோலிண்ணு சொன்னேனா இல்லியா? காதுல என்ன பஞ்சா? ஒரு மனுசி வாயத் தொறந்து ஒரு சாதனம் கேட்டா, அத வாங்க ஒக்காதா உங்களுக்கு? எனக்கு சாளை வேண்டாம்! எனக்கு நெத்தோலிதான் வேணும்!"

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, எழுபத்திரண்டு வயதில், வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி, வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடினேன்.